இணையக் கடையும் இடக்குறிப்பும்

உத்தரமேரூர் என்றவளவில் கற்றோர் உள்ளத்தில் முன்வந்து நிற்பன வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகளேயாம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அவை, ஊர்ச்சபையாரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஒருவன் பெயர் ஓலையில் ஏறிக் குடத்துள் விழவேண்டுமாயின், இறை செலுத்தும் நிலமும், தன் மனையில் எடுத்த வீடும் அவனுக்கு இருத்தல் வேண்டும் என்பது அவை கூறும் தகுதிகளுட் சில. ஏட்டிலேறும் பெயருக்கு மண்ணில் ஓரிடம் வேண்டும் என்பது அதன் கருத்துப்போலும். ஆயிரத்து நூறாண்டு கழிந்தபின், அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இணையக் கடை வைக்க முற்படுவோர் முன்னும் அவ்வினாவே வேறுருவில் வந்து நிற்கின்றது.

கடையுண்மையை அறிவிக்கப் பண்டையோர் கொடி உயர்த்தினர். காவிரிப்பூம்பட்டினத்து ஆடிய பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை எடுத்தோதும். பின்னர்த் தொலைபேசி விலாசப் புத்தகங்கள் வந்தன. 1996-இல் தோன்றிய ஜஸ்ட்டயல், கேட்போர்க்குக் கடைகளின் விலாசத்தைத் தொலைபேசி வாயிலாகவே சொல்லத் தொடங்கிற்று. 2005-இல் கூகுள் நிலப்படம் வெளிவந்தது. அதனோடியைந்த வணிகர் பதிவேடு பலமுறை பெயர் மாறி, 2021 முதல் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என வழங்குகின்றது. கடையின் பெயர், விலாசம், தொலைபேசி எண், திறக்கும் நேரம், படங்கள், இணையக் கடையின் முகவரி ஆகிய யாவற்றையும் கட்டணமின்றி அதில் இடலாம். விளம்பரத்திற்குப் பொருள் செலவிட இயலாத நெசவாளர்க்கு இது சிறு உதவியன்று.

தேடுவோர்க்கு எக்கடையை முன்னர்க் காட்டுவது என்பதற்கு அந்நிறுவனம் கூறும் அளவைகள் மூன்று: பொருத்தம், தொலைவு, புகழ். தொலைவு நம் கையிலில்லை. புகழ் மெல்ல வருவது. பொருத்தமோ நம் எழுத்தைப் பொறுத்தது. உத்தரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் பட்டுப்புடவை நெய்து, அதனை இணையத்தில் விற்கும் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். அவர்கள் ‘துணிக்கடை’ என்று மட்டும் குறித்தால் ஆயிரத்தில் ஒருவராவர். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து பிணைக்கும் கோர்வைப் புடவை தங்களிடம் உண்டு எனப் பொருட்குறிப்பில் எழுதுவாராயின், அச்சொல்லை அறிந்து தேடும் செங்கற்பட்டுத் திருமண வீட்டார்க்கு அவர்கள் கண்ணிற் படுதல் எளிதாகும். ஆனால் அச்சொற்களைக் கடையின் பெயரோடு ஒட்டி நீட்டுதல் விதிக்கு மாறு. பலகையில் உள்ள பெயரே பதிவேட்டிலும் இருத்தல் வேண்டும்.

நிற்க. இணையத்தில் மட்டும் விற்று, வாடிக்கைக்காரரை நேரிற் காணாத கடைக்கு இப்பதிவேட்டில் இடமேயில்லை என்பது பலர் அறியாதது. குறித்த நேரத்தில் நேரில் வருவோரை ஏற்கும் கடையே விலாசத்தோடு பதியத் தக்கது. வாயிலில் நிலையான பெயர்ப்பலகையும் வேண்டும். பொருளைத் தாமே கொண்டுசென்று சேர்ப்போர் விலாசத்தை மறைத்துத் தாம் செல்லும் ஊர்களை மட்டும் குறிக்கலாம். ஆகவே நம் நெசவாளர் தம் வீட்டுத் திண்ணையையோ தறிக்கூடத்தையோ வருவோர்க்குத் திறந்து வைப்பாராயின் பதிவுக்குரியராவர். அஞ்சலில் அனுப்புவதோடு நின்றால் ஆகார்.

இங்கேதான் சோதனை பிறக்கின்றது. காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பட்டு வாங்குவோர் தேடுவது அவ்வூர்ப் பெயரையே. காந்தி சாலையில் உள்ள உறவினர் ஒருவர் வீட்டு விலாசத்தை இட்டுவிட்டால் என்ன என்று தோன்றுதல் இயல்பு. அதனைத் தவறு எனச் சொல்லுதல் கல்லூரி மாணவனுக்கு எளிது. விற்காத புடவையை மடித்து வைப்பவர்க்கு அத்துணை எளிதன்று. எனினும், காஞ்சிபுரம் பட்டு 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது துணியின் பெயராலாம். அப்பெயர்க்கு உரிமையுடையோர் அதனைப் பொருட்குறிப்பில் எழுதுக. அதற்காகத் தறியைப் பெயர்த்துக் காந்தி சாலையில் நடவேண்டுவதில்லை. பொய்விலாசம் கண்டறியப்படின் பதிவு நீக்கப்படும். அதனோடு சேர்ந்திருந்த வாடிக்கைக்காரர் கருத்துரைகளும் மறையும். பதிவின்போது தெருவையும் பலகையையும் பணியிடத்தையும் படமெடுத்துக் காட்டுமாறு கேட்டலும் உண்டு. மேலும், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப் பெயரையும் தலைமையிடத்தின் விலாசத்தையும் தன் தளத்தில் தெளிவாகக் காட்டல் வேண்டும் என்கின்றன.

விலாசம் மெய்யாயிருப்பினும் எழுத்து வேறுபட்டால் இடர் உண்டு. உத்தரமேரூர் என்பார் சிலர், உத்திரமேரூர் என்பார் பலர். ஆங்கிலத்திலோ ‘டி’ ஒன்றா இரண்டா, ‘எச்’ வருமா வாராதா என்பதில் இருவர் ஒத்தெழுதக் காண்பதரிது. மாவட்டத்தின் பெயரும் அங்ஙனமே. பெயர்க்காரணம் ஆராயும் எம்போன்றோர்க்கு இஃது இன்பம். கடைக்காரர்க்கோ, ஓரிடத்தில் ஒருவகையும் மற்றோரிடத்தில் வேறுவகையுமாக எழுதினால், ஒரு கடையே இரண்டாகத் தோன்றும் துன்பம். ஒருவகையைத் தெரிந்து, தம் தளத்திலும் ஜஸ்ட்டயலிலும் நிலப்படத்திலும் அதனையே, 603406 என்னும் அஞ்சற் குறியீட்டு எண்ணோடு, எழுதிவருதல் நன்று.

கருத்துரைகளைப் பற்றி ஒரு சொல். பரிசு தந்து புகழுரை பெறுதலை அந்நிறுவனம் தடுத்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் இணையக் கருத்துரைகட்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. புடவை வாங்கிச் சென்றவரிடம், “உள்ளதை எழுதுங்கள், அம்மா” என்று கேட்பதில் குற்றமில்லை. குறைகூறி எழுதியவர்க்கும் அவ்விடத்திலேயே பணிவாக விடையிறுத்தலாம். அவ்விடையைப் படிப்போர் புகழுரையைப் படிப்போரினும் மிகுதியாவர் என்று யான் எண்ணுகின்றேன்.

நேரக்குறிப்பைத் திருத்துவதிலும் சோம்பலாகாது. பொங்கலுக்குத் தறி நிறுத்தும் நாள்களையும் முன்னரே அதிற் குறிக்க வழியுண்டு. சென்னையிலிருந்து பேருந்தேறி வந்து, பூட்டிய கதவைக் கண்டு திரும்புவோர், வழியிலேயே அதனையும் எழுதிவிடுவர்.