தண்ணீரில் கண்டம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

என் அக்கா மகனுக்கு ஜாதகம் எழுதிய ஜோசியர், "பன்னெண்டு வயசு வரைக்கும் தண்ணியில கண்டம் இருக்கும்மா, ஆறு குளம் பக்கம் விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் கண்மாய்க் கரையில்கூட அவனை இடுப்பிலிருந்து இறக்க மாட்டாள். ஒன்றரை வயதில் அவன் விழுந்தது கண்மாயில் அல்ல, குளியலறை வாளியில். துணி அலசப் பிடித்து வைத்திருந்த அரை வாளித் தண்ணீர். மிதந்த மக்கை எடுக்கக் குனிந்திருக்கிறான். தலை உள்ளே, இரண்டு பாதமும் தரையைவிட்டு மேலே. அழுகைச் சத்தம் இல்லை. பத்தடி தள்ளி அடுப்படியில் நின்ற அக்காவுக்குத் தண்ணீர் தளும்பியதுகூடக் கேட்கவில்லை. துண்டு எடுக்கப் போன நான் பார்த்ததால் பிழைத்தான். அவனுடைய ஈரத் தலையின் கனம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவற்றில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடிய சாவுகள். தடுக்க விடாமல் குறுக்கே நிற்பவற்றில் நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களும் உண்டு.

நம்பிக்கை: ஆழமான தண்ணீர்தான் ஆபத்து.

தவழும், தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குனிந்து சாய்ந்துவிட்டால் கையை ஊன்றித் தலையைத் தூக்கும் பலம் அந்த வயதில் கிடையாது. மூக்கும் வாயும் முங்கும் அளவு, அதாவது சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். வாளி, அண்டா, மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, மூடி சரியாக இல்லாத சம்ப், பக்கத்து மனையில் தோண்டிப் போட்டு மழைத்தண்ணீர் நிரம்பிய அஸ்திவாரக் குழி என எல்லாமே இந்த வயதுக்குக் கிணறுதான்.

வங்கதேசத்தில் இதை நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சிறு பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய குட்டைகளில்தான் விழுகிறார்கள். அதுவும் அம்மா சமையலிலும் அப்பா வயலிலும் இருக்கிற காலை நேரத்தில். அதனால் கிராமங்களில் 'ஆஞ்சல்' என்ற பெயரில் குழந்தைக் காப்பகங்களைத் திறந்தார்கள். காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை உள்ளூர்ப் பெண் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்தது. நம் ஊர் அங்கன்வாடிக்கும் இப்படியொரு பயன் உண்டு என்பதை நாம் பேசுவதே இல்லை.

நம்பிக்கை: மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும், மூன்று தடவை மேலே வரும்.

சினிமாவில் அப்படி. நிஜத்தில் அந்த நேரத்தில் மூச்சு வாங்குவதே பெரும்பாடு, கூப்பிட ஏது மூச்சு? தண்ணீருக்கு மேலே வாய் வருவது ஒரு கணம். அந்தக் கணத்தில் காற்றை உள்ளே இழுக்க மட்டும்தான் நேரம். கையும் மேலே வராது. இரண்டு பக்கமும் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். கால் உதைக்காது, உடம்பு செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், முடி கண்ணில் விழுந்தாலும் ஒதுக்காது. கரையில் இருப்பவருக்குப் பிள்ளை நின்றுகொண்டு விளையாடுவது போலத் தெரியும். இந்த நிலை பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குமேல் நீடிப்பதில்லை, அதற்குள் முங்கிவிடும். மூன்று தடவை மேலே வரும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, சில பிள்ளைகள் ஒருமுறைகூட வருவதில்லை.

கும்மாளம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று அமைதியானால், உடனே எழுந்து பாருங்கள். "என்னடா?" என்று கேட்டுப் பதில் வரவில்லையென்றால் இறங்கிவிட வேண்டியதுதான். சின்னப் பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. பத்துப் பேர் குடும்பமாகப் போகும்போது "யாராவது பார்த்துக்குவாங்க" என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம். ஆகவே ஒருவர் பெயரைச் சொல்லி, "சித்தப்பா, அரை மணி நேரம் பிள்ளைங்க உங்க பொறுப்பு" என்று ஒப்படையுங்கள். காற்றடைத்த டியூபையும் கைப்பட்டையையும் நம்பி விலகாதீர்கள். அவை நழுவும், ஓட்டை விழும். வலிப்பு நோய் உள்ள பிள்ளையாக இருந்தால் குளியலறையில்கூடத் தனியே விடாதீர்கள்.

நம்பிக்கை: தண்ணீரில் கண்டம் இருக்கிறது, நீச்சலே வேண்டாம். அந்தக் குளம் வருஷத்துக்கு ஒரு காவு கேட்கும்.

இந்த இரண்டும் எனக்கு மிகவும் வருத்தம் தருபவை. கண்டம் என்று சொல்லி நீச்சல் கற்க விடாமல் வளர்த்த பையன், பதின்மூன்று வயதில் கோடை விடுமுறையில் கூட்டாளிகளோடு வீட்டுக்குத் தெரியாமல் கல்குவாரிக்குப் போவான். அந்த வயதுப் பையன்கள் போகாமல் இருக்க மாட்டார்கள். குவாரிக்கு ஏரி போலச் சரிவான கரை கிடையாது, ஓரத்திலேயே பனைமர ஆழம். மணலோ சவுடு மண்ணோ அள்ளிய ஆற்றிலும் ஏரியிலும் முழங்கால் தண்ணீரில் நடந்துபோனவன் அடுத்த எட்டில் தலை முங்குவான். காவு வாங்குவது குளம் அல்ல, மூடாமல் விட்ட அந்தக் குழி. அதே இடத்தில் வருஷாவருஷம் சாவு விழுந்தால் கிடா வெட்டுவதோடு நிறுத்தாமல், பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து வேலியும் பலகையும் போடச் சொல்ல வேண்டும்.

காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கி, படியில் மாமாவோ சித்தப்பாவோ நின்று நீச்சல் பழக்கிய ஊர்கள் நம்முடையவை. ஆறு வயதுக்குமேல் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

நம்பிக்கை: ஒருத்தர் முழுகினால் கூட இருப்பவர் குதித்துக் காப்பாற்றலாம்.

2022 ஜூனில் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் ஒரே நாளில் இறந்தார்கள். சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் அடக்கம். 2023 பிப்ரவரியில் மாயனூரில், விளையாட்டுப் போட்டிக்காக வந்திருந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நான்கு பேரைக் காவிரி கொண்டுபோனது. மூழ்குகிறவரின் பிடி இரும்புப் பிடி. கழுத்தைக் கட்டிக்கொண்டால் நீச்சல்காரரும் முங்குவார். "குதிக்காதே, கத்திப் பெரியவங்களைக் கூப்பிடு, கையில கிடைச்சதை வீசு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சேலை, வேட்டி, கயிறு, மூங்கில், மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன் எதுவும் உதவும். வீசியதைப் பிடித்து இழுக்கும்போது கரையில் படுத்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: தலைகீழாகத் தூக்கிச் சுற்றினால், வயிற்றை அமுக்கினால் தண்ணீர் வெளியே வந்து உயிர் வரும்.

வயிற்றில் இருக்கும் தண்ணீரால் யாரும் சாவதில்லை. மூளைக்குப் பிராணவாயு போகாததால்தான் சாகிறார்கள். சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நேரமும் போகும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் சில முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்ப வேண்டும். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில், மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பிள்ளை கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாம். உப்பில் புதைத்து வைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முழுப் பொய். அதை நம்பிப் பிள்ளையின் கடைசி நிமிடங்களை உப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இதைப் படித்த கையோடு குளியலறைக்குப் போய் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிப் போடுங்கள்.