பலகையை விட்டு இறங்காதீர்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போக நுழைவுச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் எப்படியும் அமைந்துவிடும். நீங்களும் என்னைப் போலக் கோடை விடுமுறையில் குழந்தைகளோடுதான் போவீர்கள் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அங்கே தரையைக் கண்ணால் பார்த்து எடைபோடாதீர்கள். மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்காதவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்பவர்கள் உண்டு. பாதையோரம் கொதிக்கும் சேறு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக்க, அந்த அமிலம் பாறையைக் கரைத்துக் களிமண்ணாக்குகிறது. ‘ஃபவுண்டன் பெயின்ட் பாட்’ என்ற சேற்றுக் குழியில் கொழகொழவென்று குமிழி வெடிப்பது அந்தக் களிமண்தான். கோடைத் தொடக்கத்தில் நீர்த்திருக்கும். மழை குறையக் குறைய இறுகும். பக்கத்து வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வெளுத்துக் கிடக்கும் சிலிக்கா படிவமோ, கொதிக்கும் பால்மேல் படிந்த ஆடை மாதிரி. அடியில் தண்ணீர் ஓடுவது மேலே தெரியாது. பூங்கா இருக்கும் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்றாலும், உயிரைப் பறிக்க அந்தச் சூடு தாராளம். அங்கே வெந்நீரில் விழுந்தோ இறங்கியோ இதுவரை 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

“காட்டெருமையே நடக்கிறது, நம்மைத் தாங்காதா?” என்பதுதான் எல்லோரும் கேட்பது. காட்டெருமைகளும் விழுந்து செத்திருக்கின்றன. ஊற்றுகளில் அவற்றின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. குளம்படி, நேற்று அந்த இடம் தாங்கியது என்பதற்கு மட்டுமே சாட்சி. 1959 நிலநடுக்கத்துக்குப் பிறகு பல ஊற்றுகளின் போக்கே மாறிப்போன நிலம் அது. இன்னொரு கேள்விக்கு நியாயம் உண்டு: 2024 ஜூலை 23 அன்று பூங்காவின் பிஸ்கட் பேசின் பகுதியில் நீராவி வெடித்துக் கல்லும் சேறும் சிதறியதில் நடைபாதையே உடைந்ததே, பலகை மட்டும் பத்திரமா? முழுப் பத்திரம் இல்லைதான். ஆனால் அத்தகைய வெடிப்பு அபூர்வம். அன்று யாருக்கும் காயமில்லை. பலகையை விட்டு இறங்கினாலோ ஒவ்வோர் அடியிலும் ஆபத்து. 1981-இல் ஊற்றில் பாய்ந்த நாயைக் காப்பாற்றக் குதித்த இளைஞர் மறுநாள் இறந்துபோனார். ஆகவே நாயைக் கூட்டிப்போகாதீர்கள். அந்தப் பாதைகளில் அதற்கு அனுமதியும் இல்லை. பிள்ளையின் கையை விடாதீர்கள். தொப்பி பறந்து கீழே விழுந்தால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.