புதுக்கோழியைப் பழைய கோழிகளோடு சேர்ப்பது எப்படி?



வாழ்வாதார உதவியாகக் கோழி பெற்றுக்கொண்ட வீடுகளிலிருந்து எங்களிடம் அதிகமாக வரும் கேள்வி தீவனத்தைப் பற்றியதும் இல்லை, முட்டை விலையைப் பற்றியதும் இல்லை. "புதுசா வந்த ரெண்டையும் பழசு கொத்தியே கொன்னுடும் போலிருக்கு, என்ன செய்யட்டும்?" என்பதுதான். நாலு கோழி வைத்திருக்கும் வீட்டில் ஒன்று செத்தால் வருமானத்தில் கால் பங்கு போய்விடுகிறது. முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டும் பெரியவர்களுக்கு மாத்திரையும் வாங்குகிற சகோதரிக்கு அது சின்ன நஷ்டம் அல்ல. ஆகவே இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பலரும் கோழியை வாங்கி வந்த அன்றே கூட்டைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். சண்டை வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். சண்டை கண்ணுக்குத் தெரியும், அதை விலக்கலாம். புதுக்கோழி கூடவே கொண்டு வரும் நோய் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கொத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நோயைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

முதலில் தனி இடம்

புதுக்கோழி எங்கிருந்து வந்தாலும், சொந்தக்காரர் வீட்டிலிருந்தே வந்தாலும், குறைந்தது மூன்று வாரம் தனியாக இருக்க வேண்டும். நான்கு வாரம் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தனி என்றால் அதே கூட்டில் நடுவே தட்டி வைப்பது அல்ல. வீட்டின் மறுபக்கம், வேறு தண்ணீர்ச் சட்டி, வேறு தீனித்தட்டு. காலையில் முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். வந்ததும் கை கால் கழுவுங்கள். செருப்பில் ஒட்டிய எச்சமே போதும், நோய் கூட்டுக்குள் வந்துவிடும்.

நம் வீடுகளில் இதற்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பெருநாளுக்கோ கல்யாண விருந்துக்கோ சந்தையில் நாலைந்து கோழி வாங்குகிறோம். "ரெண்டு நாள்தானே" என்று வீட்டுக் கோழிகளோடு அடைத்துவிடுகிறோம். பல ஊர்க் கோழிகள் ஒரே கூடையில் நெருங்கிக் கிடந்த இடம் சந்தை. அந்த இரண்டு நாளே அதிகம். அறுப்பதற்கென்று வாங்கிய கோழியை வளர்ப்புக் கோழியின் பக்கமே விடாதீர்கள். அதில் ஒன்று மிஞ்சி, வளர்க்கலாம் என்று தோன்றினாலும் மூன்று வாரக் கணக்கு அதற்கும் உண்டு.

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு ராணிக்கெட் என்றும் பெயர்; குமாவுன் மலைப்பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைப் பக்கம் ஊசி என்பது வழக்கமான முறை. புதுக்கோழிக்குப் போட்டிருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். உறுதியான பதில் இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு அரசுக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். நோயுற்ற கோழிக்குத் தடுப்பூசி போடக் கூடாது. போட்ட மறுநாளே பலன் வராது, சுமார் இரண்டு வாரம் ஆகும். தனியாக வைக்கும் நாட்கள் அதற்கும் உதவும்.

இந்த நாட்களில் இறக்கைக்கு அடியிலும் எச்சம் போகும் இடத்தைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டு வைத்தால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும்.

ஏன் கொத்துகின்றன?

நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்துக்கொண்டே வந்தார். 1922இல் அதை ஆய்வாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: ஒவ்வொரு கோழிக் கூட்டத்திலும் ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதலாவதைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். கடைசிக் கோழி யாரையும் கொத்தாது, எல்லாரிடமும் கொத்து வாங்கும்.

கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அந்த வரிசை நிலைத்துவிட்ட கூட்டத்தில் சண்டை குறைவு. முதல் கோழி கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாலே மற்றது விலகி வழிவிடும். புதுக்கோழி வரும்போது அதன் இடம் எது என்று யாருக்கும் தெரியாது, அதற்கே தெரியாது. கொத்தித்தான் தெரிந்துகொள்கின்றன. ஆகவே கொத்தே இருக்கக் கூடாது என்று நினைத்தால் அது நடக்காது. காயமில்லாமல் அந்த வரிசை அமைய வழி செய்வதுதான் நம் வேலை.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்து அடையாளம் காண்கின்றன. சில வாரம் பார்க்காவிட்டால் மறந்துவிடுகின்றன. அடை வைக்கவென்று உம்மா வீட்டுக்குக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்ப வாங்கிவந்த கோழியைச் சொந்தக் கூட்டமே விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நமக்குத்தான் அது பழைய கோழி, அவற்றுக்குப் புதியது.

பஞ்சாரம் இருக்கக் கவலை எதற்கு?

கம்பிவலைக் கூண்டு வாங்கப் பணம் வேண்டாம். ஒரு பஞ்சாரம் போதும். தனியாக வைத்த நாட்கள் முடிந்ததும், பழைய கோழிகள் மேயும் முற்றத்தில் புதியவற்றைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வையுங்கள். உள்ளேயே தண்ணீரும் தீனியும் இருக்கட்டும். பழைய கோழிகளுக்கான குருணையைப் பஞ்சாரத்துக்குச் சற்றுத் தள்ளித் தூவுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் நெருக்கித் தூவுங்கள். முதல் இரண்டு நாள் பழையவை வந்து வந்து பார்க்கும், கழுத்து இறகைச் சிலிர்க்கும், பின்னல் இடுக்கில் கொத்தப் பார்க்கும். நாலைந்து நாளில் அலுத்துப்போய்த் தம் பாட்டுக்கு மேயத் தொடங்கும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இப்படி வையுங்கள்.

நிழல் மிக முக்கியம். வெயில் நகர்ந்துவிடும், பஞ்சாரம் நகராது. உச்சிவெயிலில் மூடிக் கிடந்த கோழி கொத்து வாங்காமலேயே செத்துவிடும். இரவில் பஞ்சாரத்தை வெளியே விடாதீர்கள். பூனையும் கீரியும் மரநாயும் நம்மைவிட விழிப்பானவை. கடலோர ஊர்களில் பழைய மீன்வலையைக் கட்டித் தடுப்பு செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் தொங்கலாக விட்டால் கால் நகம் சிக்கிக்கொள்ளும். இழுத்துக் கட்ட வேண்டும்.

இடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழையவற்றைக் கூட்டில் அடைத்துவிட்டுப் புதியவற்றை ஒரு மணி நேரம் முற்றத்தில் உலவ விடுங்கள். தண்ணீர் எங்கே, ஒளிய இடம் எங்கே, எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழி தெரியாத கோழிதான் மூலையில் சிக்கி அடி வாங்குகிறது.

சேர்க்கும் நாள்

கூட்டுக்குள் சேர்க்காதீர்கள், முற்றத்தில் சேருங்கள். அஸருக்குப் பிறகு, மேய்ந்து வயிறு நிறைந்த நேரத்தில் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுங்கள். அடைய இரண்டு மணி நேரம்தான் இருக்கும், அதற்குள் பெரிய சண்டை மூளாது. தீனியை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. சுவரில் ஒரு பலகையையோ தகரத்தையோ சாய்த்து வையுங்கள். அதன் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் அடைத்திருந்தால் அது ஒளியும் இடமல்ல, பொறி.

இரவில் இருட்டிய பிறகு, பழையவை உறங்கும் கழியில் புதியதைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் காலையில் ஒன்றாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பஞ்சாரப் பழக்கம் ஆன கோழிக்கு இது நல்ல வழி. முகமே பார்க்காத கோழியை இப்படி வைத்தால் விடிந்ததும் கலவரம்தான். எதுவானாலும் மறுநாள் சுபுஹ் தொழுத கையோடு கூட்டைத் திறந்துவிடுங்கள். வெளிச்சம் வந்த பிறகும் மூடிய கூட்டில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் புதுக்கோழிக்கு ஆபத்து.

ஒற்றைக் கோழியைச் சேர்ப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். இரண்டு மூன்றாகச் சேர்த்தால் கொத்து பங்காகிவிடும். உருவத்தில் பெரியவற்றுக்குச் சமமாக வளராத விடைகளைத் தாயில்லாமல் பெரியவற்றோடு விட வேண்டாம். சண்டைக்கோழி இரத்தம் கலந்த பெட்டைகளோடு, பண்ணையிலிருந்து வந்த சாதுவான முட்டைக்கோழிகளைச் சேர்ப்பதும் நல்லதல்ல. அந்தச் சாதுக்கள் திருப்பிக் கொத்தவும் தெரியாமல், ஓடவும் தெரியாமல் நிற்கும்.

எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

தலையில் ஒரு கொத்து, நாலடி துரத்தல், இறகைச் சிலிர்த்து எதிரெதிரே நிற்பது: இவை இயல்பு. ஒரு வாரம், சில கூட்டங்களில் இரண்டு வாரம் கூட இருக்கும். நடுவில் புகுந்து விலக்கினால் முடிவு தெரியாமல் மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் சகோதரிகளுக்குக் கஷ்டமான வேலை.

இரத்தம் வந்தால் சும்மா இருக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழிகளும் அங்கேயே கொத்தும், நேற்று வரை சாதுவாக இருந்தது கூட. உடனே எடுத்துத் தனியே வைத்து, கொதித்து ஆறிய உப்பு நீரில் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுங்கள். காயம் ஆறும், சிவப்பும் மறையும். முழுதும் காய்ந்த பிறகே திரும்ப விடுங்கள். எச்சம் போகும் இடத்தைக் கொத்துவது இன்னும் மோசம், குடலையே இழுத்துவிடும்.

காயமில்லாமலும் கோழி மெலிந்து சாகும். மற்றவை அண்டவிடாததால் அது தின்பதே இல்லை. நாம் தீனி தூவியதை மட்டும்தான் பார்த்திருப்போம். அடையும் நேரத்தில் புதுக்கோழியைக் கையில் எடுத்துக் கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக நிறைந்திருந்தால் கவலையில்லை. தட்டையாக இருந்தால், இரண்டாம் நாளும் அப்படியே இருந்தால், தனியே தீனி கொடுத்தாக வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தினமும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். முட்டையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இடம் மாறிய கோழி இரண்டு மூன்று வாரம் முட்டை விடாமல் இருப்பது சகஜம்.

ஒரே ஒரு கோழிதான் விடாமல் துரத்துகிறது என்றால் அடி வாங்குவதைப் பிரிக்காதீர்கள், அடிப்பதைப் பிரியுங்கள். மற்றவற்றின் கண்ணில் படாமல் நாலைந்து நாள் வேறிடத்தில் வையுங்கள். அதற்குள் வரிசை மாறிவிடும், அது திரும்பி வரும்போது தன் இடத்தைத் தானே தேட வேண்டியிருக்கும். பலிக்காத வீடுகளும் உண்டு. பலித்த வீடுகளே அதிகம்.

இறகைப் பிடுங்கித் தின்னும் கூட்டமாக இருந்தால் கோழியைக் குறை சொல்லுமுன் தீனியையும் இடத்தையும் பாருங்கள். வெறும் அரிசியும் தவிடும் தின்னும் கோழிக்குப் புரதம் போதாது. கடலைப் பிண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள், கரையான் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர வேண்டும். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை தீனி தயார், காசே இல்லை. முருங்கைக் கீரைக் கட்டு ஒன்றைக் கோழியின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும். இரவுக் கூட்டில் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது வேண்டும். அலகை வெட்டுவது பெரும்பண்ணைகளின் வழக்கம். முற்றத்தில் மேய்ந்து தின்ன வேண்டிய வாயில்லா ஜீவனுக்கு அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அண்டை வீட்டுக் கோழியும் நம் கோழியும் ஒரே சந்தில் மேய்வதால் வரும் கொத்து வேறு. அடையாளத்துக்குக் காலில் துணி கட்டுகிறோம். பச்சையோ நீலமோ கட்டுங்கள், சிவப்பு வேண்டாம், அதையே கொத்தத் தொடங்கும். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் அவரவர் வாசலில் தீனி வைத்தால் கோழிகள் அவரவர் வாசலில் நிற்கும், பெரியவர்களுக்குள் மனக்கசப்பும் வராது.

இவ்வளவும் செய்து, ஒரு மாதம் ஆன பிறகும் சேராத கோழி எங்காவது ஒன்று இருக்கத்தான் செய்யும். அதை அறுத்துவிட அவசரப்படாதீர்கள். அதன் இனத்துக் கோழிகளே இருக்கும் இன்னொரு வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம். எங்களிடம் சொன்னால் அப்படி ஒரு வீட்டை விசாரித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். அங்கே போனாலும் முதல் மூன்று வாரம் அதற்குத் தனி இடம்தான்.