கோப்புப் பகிர்வு மென்பொருளின் கையேடும் கண்டிப்பான குறியிடு முறையும்

அலுவலகம் ஒன்றிலுள்ள பல கணிப்பொறிகள், ஓரிடத்தில் வைக்கப்பட்ட கோப்புகளைப் பொதுவாகப் படிக்கவும் திருத்தவும் வேண்டுமாயின், அவற்றிற்கிடையே பொதுவானதொரு பேச்சு முறை இருத்தல் அவசியம். விண்டோஸ் கணிப்பொறிகள் இதன்பொருட்டுக் கையாளும் முறை எஸ்.எம்.பி. எனப்படும். யூனிக்ஸ், லினக்ஸ் வகையைச் சார்ந்த கணிப்பொறிகளும் அதே முறையிற் பேசுமாறு செய்யும் மென்பொருளே சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் இதன் முதல் வடிவை இயற்றினார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடியபோது கிடைத்தது இப்பெயர் என்பது ஒரு சுவையான செய்தி.

இம்மென்பொருளின் நடத்தை பெரும்பாலும் ஓர் எளிய எழுத்துக் கோப்பில் எழுதப்படும் அமைவுகளால் ஆளப்படுகின்றது. அத்தகைய அமைவுகள் சில நூறு உள்ளன. இரண்டினை மட்டும் உதாரணமாகக் கொள்வோம். 'ரீட் ஒன்லி' என்பது, பகிரப்படும் அடைவில் உள்ளவற்றைப் படிக்க மட்டும் முடியுமா, எழுதவும் முடியுமா என்பதைத் தீர்மானிக்கும். 'கெஸ்ட் ஓகே' என்பது, கடவுச்சொல் இல்லாத விருந்தினரும் அதனுள் வரலாமா என்பதைத் தீர்மானிக்கும். பொறுப்பாளர் எதுவும் எழுதாது விட்டால், முன்னதற்கு 'ஆம்' என்றும் பின்னதற்கு 'இல்லை' என்றும் மென்பொருள் தானே பொருள் கொள்ளும். இதனை இயல்மதிப்பு என்பர். இவையன்றி மாற்றுப் பெயர்களும் உண்டு. 'பப்ளிக்' என்பது 'கெஸ்ட் ஓகே' என்பதன் மறுபெயர். 'ரைட்டபிள்' என்பதோ 'ரீட் ஒன்லி' என்பதற்கு நேர் எதிர்ப்பொருள் உடையது.

பள்ளியின் மதிப்பெண் பட்டியலையோ, களத்திலிருந்து திரட்டிய அளவீடுகளையோ இவ்வாறு பகிர்ந்து வைப்பவர், கையேட்டை நம்பியே ஒரு வரியை எழுதுகிறார் அல்லது எழுதாது விடுகிறார். கையேட்டில் ஓர் இயல்மதிப்பு மாறி அச்சாகியிருக்குமாயின், கதவு திறந்து கிடப்பது பல நாள் தெரியாமலே போகலாம். மென்பொருள் புதிய பதிப்பாக வளருந்தோறும் கையேடும் உடன் வளரவேண்டும். அது எந்த வடிவில் எழுதி வைக்கப்பட்டுள்ளது என்னும் வினா ஈண்டுதான் முக்கியத்துவம் பெறுகின்றது.

மூன்று முறை மாறிய வடிவம்

சாம்பாவின் கையேட்டுப் பக்கங்களை முதன்முதலில் எழுதியவர் கார்ல் அவர். 1999-இல் வெளியான 2.0 பதிப்பிற்காக அவை யோடில் என்னும் எளிய ஆவண மொழிக்கு மாற்றப்பட்டன. அப்பதிப்பிற்கேற்ப அவற்றைப் புதுப்பித்தவர் ஜெரமி அலிசன். 2001-இல் வந்த 2.2 பதிப்பிற்காக ஜெரால்டு கார்ட்டர் அவற்றை டாக்புக் முறைக்குக் கொணர்ந்தார். 2003-இல் வெளியான 3.0 பதிப்பிற்காக அலெக்ஸாந்தர் பொகொவாய் அவற்றை டாக்புக்கின் எக்ஸ்.எம்.எல். வடிவிற்கு, அதன் 4.2-ஆம் பதிப்பிற்கு, மாற்றினார். இவ்வரலாறு அக்கையேட்டுப் பக்கங்களின் அடியிலேயே குறிக்கப்பட்டுள்ளது.

இவற்றுள் முதல் மாற்றத்தைவிடப் பின்னிரண்டும் தன்மையில் வேறுபட்டவை. யோடில், எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி. இச்சொல்லைத் தடித்த எழுத்தில் இடுக, இதனைச் சாய்வெழுத்தில் இடுக என்பன போன்ற குறிப்புகளே அதில் மிகுதி. டாக்புக்கோ பொருளைச் சொல்லுகின்றது. இது கட்டளையின் பெயர், இது கோப்பின் பெயர், இது பயன்படுத்துவோர் தட்டச்சிட வேண்டுவது என்று ஒவ்வொன்றையும் பிரித்து உரைக்கும். டாக்புக் 1991-இல் தொடங்கப் பெற்றபோது, 1986-இல் அனைத்துலகத் தரமாக வெளிவந்த எஸ்.ஜி.எம்.எல். என்னும் பொது விதித் தொகுதியின்மேல் அமைக்கப்பட்டிருந்தது. அவ்விதித் தொகுதியைச் சுருக்கிக் கண்டிப்பாக்கியதே 1998 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட எக்ஸ்.எம்.எல்.

கண்டிப்பு என்பது யாது?

எஸ்.ஜி.எம்.எல். முறை, தட்டச்சிடுவோரின் உழைப்பைக் குறைக்கும் நோக்கத்துடன் பல சலுகைகளை வழங்கியது. ஆவண வகையின் வரையறை இடங்கொடுக்குமாயின் முடிவுக் குறியை எழுதாமல் விடலாம். கீழ்க்கண்ட வரிகளைக் காண்க.

<பத்தி>முதலில் அடைவை உருவாக்குக.
<பத்தி>பின்னர் அதற்கு ஒரு பெயர் இடுக.

இரண்டாவது பத்தி தொடங்கிய இடத்தில் முதற் பத்தி முடிந்தது என்று பகுப்பான் தானே ஊகித்துக்கொள்ளும். ஒரு பத்தியினுள் இன்னொரு பத்தி அமையலாகாது என்பதை அது வரையறையிலிருந்து அறியும். வரையறை கைவசம் இல்லாத பகுப்பானுக்கு இந்த ஊகம் இயலாது. எழுத்தாளரின் கருத்தும் பகுப்பானின் ஊகமும் வேறுபடும் இடங்களும் உண்டு. பட்டியல் ஒன்றின் இறுதியில் எழுதப்பட்ட எச்சரிக்கை, பட்டியலின் கடைசி உருப்படிக்கு மட்டும் உரியதா, அன்றி முழுவதற்கும் உரியதா என்பது முடிவுக் குறி இல்லாதபோது தெளிவாகாது. எச்சரிக்கை இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

எக்ஸ்.எம்.எல். முறையில் திறந்தது ஒவ்வொன்றும் மூடப்படவேண்டும். உள்ளே திறந்தது உள்ளேயே முடியவேண்டும். பண்புகளின் மதிப்புகள் மேற்கோட் குறிகளுக்குள் வரவேண்டும். உள்ளீடற்ற உறுப்பு, தன் முடிவைத் தானே ஒரு சாய்கோட்டினால் காட்டவேண்டும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும். விதி ஒன்று மீறப்பட்டதைக் கண்டால், பகுப்பான் ஊகித்துத் தொடர்தல் கூடாது; பிழையை அறிவித்து வேலையை நிறுத்தவேண்டும் என்று தரமே ஆணையிடுகின்றது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், எழுதுவோரிடம் பிடிபடாத பிழை எங்கோ ஓர் ஊரில் அதனைப் படித்து இயந்திரத்தை அமைப்பவரிடமே சென்று சேரும் என்பதை நோக்கின், இக்கடுமை தகும் என்றே கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் அறியத்தக்க ஒன்றுண்டு. உறுப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்ற விதி எக்ஸ்.எம்.எல். முறையில் இல்லை. தமிழ் எழுத்துகளாலான பெயர்களையும் தரம் ஏற்கின்றது. ஆகவே இக்கட்டுரையில் காட்டப்படும் தமிழ்க் குறிகளை மாணவர்கள் உள்ளவாறே தட்டச்சிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். மேலே கண்ட இரு வரிகளைப் பகுப்பான் மறுப்பதையும் காணலாம்.

மாற்றும் வேலை

எஸ்.ஜி.எம்.எல். ஆவணத்தை எக்ஸ்.எம்.எல். ஆக்குவதற்கு, ஜேம்ஸ் கிளார்க் இயற்றிய 'எஸ்எக்ஸ்' போன்ற கருவிகள் உள்ளன. விடுபட்ட முடிவுக் குறிகளை இக்கருவி இட்டு நிரப்பும். மேற்கோட் குறிகளைச் சேர்க்கும். அதனை அப்படியே ஓடவிட்டு விளைவை ஏற்றுக்கொள்வது அறிவுடைமை ஆகாது. தனியே கேட்டாலன்றி, எழுதியோர் தமக்குள் விட்டுச் சென்ற குறிப்புரைகளை அது கைவிட்டுவிடும்; உறுப்புகளின் பெயர்களைப் பெரிய எழுத்துகளில் வெளியிடும். பல அதிகாரங்களுக்குப் பொதுவான பகுதியை ஒரே இடத்தில் எழுதி, ஒரு சுருக்கப் பெயரால் அழைத்திருந்தால், அச்சுருக்கம் விரிக்கப்பட்டு ஒவ்வோரிடத்திலும் தனித்தனிப் பிரதியாகிவிடக்கூடும். அதன்பின் ஒரு திருத்தம் வேண்டின் பல இடங்களில் செய்யவேண்டி வரும்.

கருவி எதனாலும் தீர்க்க முடியாத வேலை வேறொன்று. தோற்றத்தைக் குறிக்கும் மொழியிலிருந்து பொருளைக் குறிக்கும் மொழிக்கு மாறும்போது, தடித்த எழுத்தில் உள்ள சொல் அமைவின் பெயரா, கட்டளையின் பெயரா, வெறும் அழுத்தமா என்பதை மனிதரே படித்து முடிவு செய்யவேண்டும். ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வரலாம். 'பிரிண்டர்' என்பது ஓர் அமைவின் பெயராகவும் வரும். மேசைமேல் இருக்கும் அச்சுக் கருவியையும் குறிக்கும். இவ்வேலையை மென்பொருளை அறியாதவரிடம் ஒப்படைத்தால், பகுப்பான் ஒரு பிழையும் காட்டாது. ஆனால் கையேடு பொய் சொல்லும்.

பெயர்களிலும் தொல்லை உண்டு. குறுக்குச் சுட்டுகளுக்காக இடப்படும் அடையாளப் பெயரில் இடைவெளி இருத்தல் கூடாது. 'கெஸ்ட் ஓகே' என்பது இரு சொற்களாதலால், அடையாளத்தில் அவற்றை இணைத்தே எழுதவேண்டும். ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் மற்றோரிடத்தில் சிறிய எழுத்திலும் எழுதினால், சுட்டு சென்றடைய இடமின்றி நிற்கும்.

ஒரே மூலத்திலிருந்து வலையிற் படிக்கும் பக்கம், அச்சு நூல், யூனிக்ஸ் திரையிற் காணும் கையேட்டுப் பக்கம் ஆகிய யாவற்றையும் உண்டாக்க முடிவதே இம்முறையின் பெரும் பயன். ஒவ்வொரு வெளியீட்டிற்கும் அதனதன் சங்கடமும் உண்டு. விண்டோஸ் முறையில் ஒரு சேவைக்கணிப்பொறியின் முகவரி இரண்டு பின்சாய்கோடுகளுடன் தொடங்கும். யூனிக்ஸ் கையேட்டுப் பக்கத்தை அமைக்கும் பழைய மொழியிலோ, பின்சாய்கோடு தானே ஒரு கட்டளைக் குறி. மாற்றும் நிரல் அதனைத் தக்கவாறு காவல் செய்யாவிடின், திரையில் ஒரு கோடு மறைந்துவிடும். அதைப் பார்த்துத் தட்டச்சிடுபவருக்கு முகவரி கிடைக்காது. அவ்வாறே, புள்ளியுடன் தொடங்கும் ஒரு வரியும் அம்மொழியிற் கட்டளையாகக் கொள்ளப்பட்டு விழுங்கப்படும்.

கையேட்டிலிருந்து நிரலுக்கு

கண்டிப்பான வடிவத்தின் முழுப் பயன் பின்னர் வந்த ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. சாம்பாவின் கையேட்டில் ஒவ்வோர் அமைவிற்கும் தனித்தனியே ஒரு சிறு எக்ஸ்.எம்.எல். கோப்பு உள்ளது. அதன் வடிவம், தமிழ்க் குறிகளால் எழுதின், ஏறத்தாழ இவ்வாறு அமையும்.

<அமைவு பெயர்="கெஸ்ட் ஓகே" இடம்="பகிர்வு" வகை="ஆம்இல்லை">
<மறுபெயர்>பப்ளிக்</மறுபெயர்>
<விளக்கம><பத்தி>கடவுச்சொல் இன்றி நுழைய இடமளிக்கும்.</பத்தி></விளக்கம்>
<மதிப்பு வகை="இயல்பு">இல்லை</மதிப்பு>
</அமைவு>

மேலுள்ள வரிகளில் வேண்டுமென்றே ஒரு பிழை வைக்கப்பட்டுள்ளது. 'விளக்கம்' என்னும் சொல்லின் தொடக்கக் குறியில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பதால், முடிவுக் குறி அதனோடு பொருந்தவில்லை. விரைந்து படிக்கும் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இதனைப் பகுப்பான் நொடியில் காட்டிவிடும். வகுப்பில் மாணவர்களைக் கொண்டு முதலிற் கண்ணாலும் பின்னர்க் கருவியாலும் தேடச் செய்யலாம். லினக்ஸ் கணிப்பொறிகளில் கிடைக்கும் 'எக்ஸ்.எம்.எல்.லின்ட்' என்னும் கட்டளை இதற்குப் போதுமானது.

பெயர், இடம், வகை, இயல்மதிப்பு ஆகியவை வாக்கியத்தினுள் கலந்திராது தனித்தனி இடங்களில் நிற்பதால், அவற்றை இயந்திரமும் படிக்க முடிகின்றது. சாம்பாவின் 4-ஆம் வரிசைப் பதிப்புகளில் இது இரு வகையாகப் பயன்படுகின்றது. அமைவுகளைக் கையாளும் நிரற் பகுதிகளில் சில, இக்கையேட்டுக் கோப்புகளிலிருந்தே தானாக உண்டாக்கப்படுகின்றன. மேலும், மென்பொருளைச் சோதிக்கும்போது, கையேட்டில் உள்ள இயல்மதிப்பும் மென்பொருள் உண்மையிற் கொள்ளும் மதிப்பும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. நிரலில் இருந்தும் கையேட்டில் விளக்கப்படாத அமைவு ஏதேனும் உண்டா என்பதும் பார்க்கப்படுகின்றது. வேறுபாடு காணின் சோதனை தோல்வியுறும். தொடக்கத்தில் கூறிய திறந்த கதவு, இவ்வொப்பீட்டினால் பெரும்பாலும் வெளியீட்டிற்கு முன்பே பிடிபடும். விளக்கப் பத்தியில் உள்ள வாக்கியங்களின் உண்மையை மட்டும் எந்தச் சோதனையும் அறிவதில்லை.

தமிழிற் பழைய கையேடுகளையும் பாடக் குறிப்புகளையும் இம்முறைக்கு மாற்ற முனைவோர் முதலில் எழுத்துரு முறையைக் கவனித்தல் வேண்டும். வேறு அறிவிப்பு இல்லையேல், எக்ஸ்.எம்.எல். ஆவணம் ஒருங்குறியின் யு.டி.எப்-8 அல்லது யு.டி.எப்-16 முறையில் இருப்பதாகவே கொள்ளப்படும். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற டாப், டாம் முறைகளிலும், டிஸ்கி முறையிலும், தனி நிறுவனங்களின் எழுத்துருக்களிலும் தட்டச்சிட்ட ஆவணங்கள் ஏராளம். அவற்றைக் குறியிடுவதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். குறியிட்ட பிறகு மாற்ற முயன்றால், தமிழ் எழுத்துகளோடு ஆங்கிலத்தில் இட்ட குறிகளையும் சில மாற்றுக் கருவிகள் தமிழென்று கருதி உருமாற்றிவிடும். கொம்பு, கால் ஆகியவை பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னும் வைக்கப்படுவதால், மாற்றிய பிறகு ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் வரும் சொற்களைத் தனியே எடுத்துச் சரிபார்த்தல் நன்று.