பார்க்க நெடுந்தீவு, ஏற நுவரெலியா

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறி வரும் வாகனம்தான். முன்னங்கால் இரண்டையும் தூக்கியபடி நிற்கும். எந்தப் பக்கத்தாலும் போய்த் தொடலாம், ஒன்றும் செய்யாது. உயிருள்ள குதிரையைப் பலர் முதன்முதலில் கிட்டத்தில் காண்பது ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா போகும்போது. கிரெகரி வாவிப் பக்கம் குதிரைக்காரர் கயிறும் கையுமாக வந்து நிற்பார். பஸ்ஸால் இறங்கிய கையோடு ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தாங்கள் எதன் மேல் இருந்தோம் என்றே தெரியாமல் வீடு வந்து சேர்வார்கள்.

நான் நெடுந்தீவில் பிறந்து மலைநாட்டில் படிப்பித்தவன். இரண்டு இடத்துக் குதிரைகளையும் கண்டவன் என்பதால் இளம் ஆட்கள் என்னிடம் வந்து கேட்பதுண்டு. எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஏறுவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள். மிச்சம் எல்லாம் அதற்குள் அடங்கும். இருந்தாலும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் நெடுந்தீவுக்கு வாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தால், அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலைப் படகைப் பிடியுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்குதுறையிலேயே கேட்டு வையுங்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை இங்கே நிற்பவை என்பார்கள். ஒல்லாந்தர் குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தார்கள். தங்கள் நாட்டு ஊரான டெல்ஃப்டின் பெயரைத் தீவுக்கு வைத்ததும் அவர்கள்தான். ஆங்கிலேயர் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் வளர்ப்பு நடந்தது. சாராப்பிட்டிப் பக்கம் பழைய லாயத்தின் தூண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. சேணமும் லாடமும் இல்லாமல், பவளக்கல் மதில்களுக்கு அப்பால் உள்ள வெளியில் அவை தம்பாட்டில் மேய்கின்றன. 2015 ஜூன் மாதம் தீவின் 1,846 ஹெக்டயர் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

2. இங்கே ஏறும் நினைப்போடு வராதீர்கள்.

குதிரையைக் கண்டதும் ஏறிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. நெடுந்தீவில் அந்த ஆசையைப் படகிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். தேசிய பூங்காவில் உள்ள விலங்கைப் பிடிப்பதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டாலும் வேறொரு காரணம் இருக்கிறது. சாதாரண உடம்புள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வெயிலில் ஓடினால் இன்னும் கூடும். நெடுந்தீவிலோ மனிதருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. கோடையில் குளங்களும் பள்ளங்களும் வற்றிவிடும். கொடுமையான வறட்சியில் குதிரைகள் சாவதும் உண்டு. அப்படிப்பட்ட வெளியில் படத்துக்காக மோட்டார் சைக்கிளை விட்டு ஒரு கூட்டத்தை வெருட்டி ஓடவிடுகிறவர், அவற்றின் ஒரு நாள் தண்ணீரைத் தட்டிப் பறிக்கிறார். வாகனத்தை வீதியில் நிறுத்துங்கள். இறங்கி நில்லுங்கள். நீங்கள் அசையாமல் நின்றால் அவை தாமாகவே மேய்ந்து மேய்ந்து கிட்ட வரும்.

3. காதைப் பார்க்கப் பழகுங்கள்.

ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆண்குதிரை, சில பெண்குதிரைகள், குட்டிகள் இருக்கும். வயது வந்த இளம் ஆண்கள் தனியே ஒரு கோஷ்டியாகத் திரியும். குட்டியோடு நிற்கும் ஒரு தாயைத் தெரிந்தெடுத்து அரை மணி நேரம் பாருங்கள். அதன் ஒரு காது உங்கள் பக்கம் நிற்கும், மற்றக் காது குட்டியின் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் ஓர் அடி வைத்தால் இரண்டு காதும் உங்களுக்கு வரும், தலை உயரும். இன்னும் ஓர் அடி வைத்தால் காதுகள் பின்னுக்குப் போய்க் கழுத்தோடு படியும். அது எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் கடி அல்லது உதை. ஒரு பின்னங்காலை மடித்துக் குளம்பின் நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றி, கீழ் உதடு தொங்க நின்றால் அது ஆறுதலாக இருக்கிறது. நின்றபடியே கண்ணயரவும் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் ஈ விலாவில் வந்து இருக்கும். குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை எழுப்பும். ஈ இருப்பதே தெரிகிற தோல் அது. நாளைக்கு நுவரெலியாவில் ஏறி இருந்துகொண்டு, நட நட என்று அதே விலாவில் குதிக்காலால் உதைக்கத் தோன்றும்போது இந்த ஈயை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. எந்தப் பக்கத்தால் கிட்டப் போவது என்று தெரிந்திருங்கள்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்டச் சுற்றிவரப் பார்க்கும். அதற்குத் தெரியாத இடங்கள் முக்கியமாக இரண்டு: நேர் பின்பக்கம், நெற்றிக்கும் மூக்குக்கும் நேரே மிகக் கிட்ட உள்ள இடம். நம் ஆட்கள் போய் நிற்பது சரியாக இந்த இரண்டு இடத்திலும்தான். பின்னால் நின்று முதுகில் தட்டுவார்கள், இல்லாவிட்டால் முன்னால் நின்று நெற்றியில் கை வைப்பார்கள். தோளின் பக்கமாக, அது பார்த்துக்கொண்டிருக்கையில், மெல்லக் கதைத்தபடி போங்கள். தொடுவதென்றால் முதலில் கழுத்தையோ தோளையோ தொடுங்கள். பின்னால் கடந்து போகவேண்டி வந்தால் நன்றாகத் தள்ளிப் போங்கள்.

இது சேணம் போட்ட, பழகிய குதிரைக்குச் சொன்னது. நெடுந்தீவுக் குதிரையைத் தொடவே வேண்டாம்.

5. கையில் இருப்பதைத் தின்னக் கொடுக்காதீர்கள்.

பாண், பணிஸ், பிஸ்கற், கச்சான் என்று அன்போடு நீட்டுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. வயிற்றுக்குள் போன ஒவ்வாத சாமான் வந்த வழியே திரும்பாது. வயிறு ஊதி, வலி தாங்காமல் நிலத்தில் விழுந்து புரளும், செத்தும் போகும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கு அமைந்த வயிறு அது. நெடுந்தீவில் எதுவும் கொடுக்காதீர்கள். பொலித்தீன் பை ஒன்றைத்தானும் போட்டுவிட்டு வராதீர்கள். நுவரெலியாவில் குதிரைக்காரரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் ஒரு துண்டு கரட் கொடுக்கலாம். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வைத்துக் கொடுங்கள். விரலால் பிடித்து நீட்டினால் கரட் எது, விரல் எது என்று அதற்குத் தெரியாது.

6. மலைக்கு ஏற்ற உடுப்போடு போங்கள்.

நமது குடாநாட்டில் மலையே இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காலையில் வெயில், மத்தியானம் மூடுபனி, பின்னேரம் மழை என்று ஒரே நாளில் மூன்றும் வரும். நீளக் காற்சட்டையும், சிறு குதி உள்ள, மூடிய சப்பாத்தும் போடுங்கள். செருப்போடு ஏறவே கூடாது: பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய் மாட்டிக்கொண்டால், விழுகிற ஆளைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். சால்வை, தொங்கும் பை, படபடக்கும் மழைக்கோட்டு எதுவும் வேண்டாம். தலைக்கவசம் கேளுங்கள். இல்லை என்று சொல்லும் இடத்தில் நடையைத் தாண்டி வேகம் போகச் சம்மதிக்காதீர்கள்.

7. காசு கொடுக்க முன் குதிரையைச் சுற்றிப் பாருங்கள்.

நெடுந்தீவில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது. சேணத்தின் ஓரத்திலும், வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரின் கீழும், வாயோரத்திலும் புண் இருக்கிறதா? நாலு காலிலும் ஒரே மாதிரி ஊன்றி நடக்கிறதா? விலா எலும்பு தெரிகிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? புண்ணோடும் நொண்டலோடும் நிற்கும் குதிரையில் ஏறாதீர்கள். நீங்கள் ஏறாவிட்டால் இன்னொருவர் ஏறுவார் என்பது உண்மைதான். ஆனால் ஏன் ஏறவில்லை என்பதைக் குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நாலு பேர் அப்படிச் சொன்னால் ஐந்தாம் நாள் அந்தக் குதிரைக்கு ஓய்வு கிடைக்கும்.

பாரமும் ஒரு கணக்கு. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது குதிரை வளர்ப்பவர்களின் பொது விதி. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. சிறு பிள்ளைக்குச் சரி, மாமாவுக்குச் சரிவராது. அப்பாவும் மகளும் ஒன்றாக ஏறிப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள்.

8. ஏறும் விதமும் இருக்கும் விதமும்.

ஏற முன் வயிற்று வார் இறுக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறுவது இடது பக்கத்தால். பழக்கிய குதிரை அதைத்தான் எதிர்பார்த்து நிற்கும். இடது பாதத்தின் முன்பகுதியை அங்கவடியில் வைத்து எழும்பி, வலது காலைக் குதிரையின் பின்பக்கத்தில் இடிக்காமல் சுற்றிக் கொண்டுவந்து, சேணத்தில் மெல்ல இருங்கள். தொப்பென்று விழாதீர்கள். முதுகை நிமிர்த்தி, குதிக்காலைக் கீழே இறக்கி, கண்ணைக் குதிரையின் காதுகளுக்கு நடுவால் முன்னே வையுங்கள். நிலத்தைக் குனிந்து பார்த்தால் உடம்பும் அந்தப் பக்கம் சரியும்.

ஏற்றத்தில் கொஞ்சம் முன்னுக்குச் சாயுங்கள். அதன் பின்னங்கால்கள் தள்ளுவதற்கு இடம் கிடைக்கும். இறக்கத்தில் நிமிர்ந்து, சற்றே பின்னுக்கு இருங்கள். கடிவாள வார் உங்கள் கைப்பிடி அல்ல, அது குதிரையின் வாயோடு போகிற கயிறு. தடுமாறினால் சேணத்தையோ பிடரி மயிரையோ பிடியுங்கள். எந்தக் கயிற்றையும் கையில் சுற்றாதீர்கள்.

9. பயம் வந்தால் வாயால் சொல்லுங்கள்.

பஸ் ஹோர்ன், பட்டம், நாய், திடீரென்று விரித்த குடை, எதற்கும் குதிரை வெருளலாம். ஓடித் தப்பித்து வந்த இனம் அது. முதலில் ஓடும், பிறகுதான் என்னவென்று பார்க்கும். கத்தாதீர்கள், உங்கள் கத்தல் அதற்கு ஓடச் சொல்வது போலக் கேட்கும். கால்களால் இறுக்கிப் பிடிக்காதீர்கள்; அதையும் அது முன்னே போ என்றுதான் விளங்கிக்கொள்ளும். சேணத்தில் பாரமாக இருந்து, மூச்சை வெளியே விட்டு, குதிரைக்காரரைக் கூப்பிடுங்கள். கயிறு அவர் கையில் இருக்கிறது. இறங்கவேண்டும் என்றால் அவர் நிறுத்திய பிறகு இறங்குங்கள். பாதி வழியில் இறங்கி நடந்து வந்ததால் யாருக்கும் மானம் போனதில்லை.

10. காட்டின் விதியை மதியுங்கள்.

குதிரையில் இருந்தபடி காட்டைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் நுவரெலியாவுக்குக் கிட்ட உள்ள ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அங்கே காலால் நடந்துதான் போகவேண்டும். அதற்கு நியாயம் இருக்கிறது. குதிரை தின்ற புல்லின் விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். லாடம் போட்ட குளம்பு ஈர நிலத்தைக் கிளறும். ஐரோப்பாவிலிருந்து வந்த முட்பற்றை ஒன்று அந்தச் சமவெளியில் பரவி ஏற்கெனவே தொல்லை கொடுக்கிறது. வெளிநாடுகளில் காப்புக்காடுகளுக்குள் குதிரையில் கூட்டிச்செல்லும் இடங்களிலும் குறித்த பாதையை விட்டு இறங்க விடமாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டுத்தான் போகலாம். நுவரெலியாவில் வாவிக்கரைப் பாதை போதும். புதியவருக்கு அந்தத் தூரத்திலேயே கற்க நிறைய இருக்கிறது.

11. இறங்கியவுடன் ஓடிவிடாதீர்கள்.

இரண்டு பாதத்தையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு இறங்குங்கள். வயிற்று வாரை ஒரு துளை தளர்த்தச் சொல்லுங்கள். குதிரைக்குத் தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, இன்றைக்கு எத்தனை சுற்றுப் போனது, அதன் பெயர் என்ன என்று குதிரைக்காரரிடம் கேளுங்கள். மழையிலும் பனியிலும் உங்கள் பக்கத்தில் நடந்து வந்தவர் அவர். பேரம் பேசுவதென்றால் ஏற முன் பேசவேண்டும். இறங்கிய பின் பேசக்கூடாது.

12. இன்னும் ஆசை இருந்தால் கீழ் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு சுற்றோடு ஆசை தீராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: அடுத்த முறை போகும்போது விடியக்காலமே லாயத்துக்குப் போய், சாணம் அள்ளவோ, குளம்பு துப்புரவாக்கவோ, உடம்பு தேய்க்கவோ விடுவீர்களா என்று கேளுங்கள். லாயத்தை உங்களுக்குத் திறந்து காட்டத் தயங்காதவரிடம் பழகலாம். அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. தூரிகை பிடித்த கைக்குக் குதிரையின் எந்தத் தசை எங்கே நோகிறது என்று தெரியவரும். பிறகு ஏறும்போது அந்த இடத்தில் பாரம் விழாமல் இருக்க உடம்பு தானாகவே பழகும். சவாரி என்பது அதுதான். வேகம் அதற்குப் பிறகு வரட்டும்.