இ.ஜி.ஆர். கோளாறா? சென்சரை மாற்றுமுன்…

இரத்தோட்டை, றிவஸ்டன் வழியாகப் பல்லேகமவுக்கு ஏறி இறங்கும் டீசல் வானில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஏற்றத்தில் இழுவையும் குறைகிறதா? சென்சரை மாற்றும் அவசரம் வேண்டாம். முதலில் ஸ்கேனர் மாட்டிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

பி0401 என்றால் இ.ஜி.ஆர். வால்வு வழியாக எஞ்சினுக்குத் திரும்பி வரும் புகை போதவில்லை; பெரும்பாலும் வால்விலோ குழாயிலோ கரி அடைத்திருக்கும். பி0405 என்றால் சென்சரின் சிக்னல் மிகக் குறைவு. பிளக்கைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியை ‘ஓன்’ செய்து மீற்றரைப் பிடித்தால், பல வாகனங்களில் ஒரு முனையில் 5 வோல்ட் காட்டும். காட்டாவிட்டால் வயரில்தான் கோளாறைத் தேட வேண்டும். புதுச் சென்சருக்குக் கொடுக்கும் காசு வீண்.

கரி அடைத்திருந்தால், எஞ்சின் ஆறிய பிறகே வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும். பூட்டும்போது பழைய காஸ்கட்டையே போடும் சிக்கனம் கூடாது, புகை கசியும். பிறகு குறியீட்டை அழித்து, ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.