ஸ்பிரிங் மேல் பழி போடாதீர்கள்

வால்வு ஆம்பின் ரிவர்ப் குமிழை முழுக்கத் திருப்பியும் கிதார் வறட்டுச் சத்தமே தருகிறது என்றால், "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு, டேங்கை மாத்து" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது தவறு. ஸ்பிரிங் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. ஸ்பிரிங்குகளைத் தாங்கும் பெட்டியான டேங்கில், காயிலிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் மெல்லிய கம்பிகள்தான் அறுபடுகின்றன. அவற்றைச் சால்டர் செய்தாலே போதும், பழைய டேங்க் பிழைத்துக்கொள்ளும்.

பழுது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். ரிவர்பைக் கூட்டிவைத்து ஆம்பை லேசாக ஆட்டிப் பாருங்கள். இடி இடிப்பதுபோலச் சத்தம் கேட்டால், ஸ்பிரிங்கிலிருந்து சிக்னலை எடுத்துப் பெருக்கும் பக்கம் நன்றாக இருக்கிறது. கோளாறு ஸ்பிரிங்கை ஓட்டும் பக்கத்தில். இடி கேட்காவிட்டால் டேங்கின் அவுட்புட் காயிலையும், அதிலிருந்து வரும் கேபிளையும், அடுத்துள்ள வால்வையும் பாருங்கள்.

அடுத்த நம்பிக்கை கொஞ்சம் படித்தவர்களுடையது. 12ஏடி7 வால்வின் பெருக்கக் காரணி 60, 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு 100. அப்படியானால் ஸ்பிரிங்கை ஓட்டும் டிரைவர் இடத்தில் 12ஏஎக்ஸ்7 போட்டால் ரிவர்ப் கூடத்தானே வேண்டும்? குறையும். ஃபெண்டர் நிறுவனம் தன் ஆம்புக்குள்ளேயே முதன்முதலாக ரிவர்ப் வைத்தது 1963-ல், வைப்ரோவெர்பில். அதே ஆண்டு வந்த ட்வின் ரிவர்ப், டீலக்ஸ் ரிவர்ப் ஆம்புகளில் 12ஏடி7-இன் இரண்டு பாதிகளும் இணையாகச் சேர்ந்து, ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக டேங்கின் 8 ஓம் இன்புட் காயிலை ஓட்டுகின்றன. அங்கே தேவைப்படுவது கரண்ட். 12ஏஎக்ஸ்7-ஆல் அவ்வளவு கரண்ட் தள்ள முடியாது. பழைய 12ஏடி7 சோர்ந்திருந்தால் புதிய 12ஏடி7-ஐயே போடுங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே ரிவர்ப் திரும்பிவிடும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களையும் ஒரு குழப்பம் பிடிக்கும். இன்புட் காயில் 1 ஓமுக்கும் கீழே காட்டுவதைப் பார்த்து, ஷார்ட் ஆகிவிட்டது என்று டேங்கைத் தூக்கி எறிகிறார்கள். 8 ஓம் என்பது 1 கிலோஹெர்ட்ஸில் உள்ள இம்பிடன்ஸ். மீட்டர் காட்டுவது வெறும் டிசி தடை. இந்த ஆம்புகளின் டேங்கில் இன்புட் சுமார் 0.8 ஓமும் அவுட்புட் சுமார் 200 ஓமும் காட்டினால் இரண்டு காயில்களும் உயிரோடு இருக்கின்றன.

நீளமாக இருந்தால் எந்த டேங்க்கும் பொருந்தும் என்பதும் பொய். ஃபெண்டருக்குரிய 4ஏபி3சி1பி என்ற குறியீட்டில் முதல் எழுத்தான 'ஏ' 8 ஓம் இன்புட்டைக் குறிக்கிறது. அந்த இடத்தில் 'எஃப்' இருந்தால் 1475 ஓம். அளவிலும் தோற்றத்திலும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்; மாட்டினால் ரிவர்ப் முனகும். டேங்கைத் தப்பான திசையில் பொருத்தினாலும் ஸ்பிரிங் தொய்ந்து, அதன் முனையிலுள்ள காந்தம் இடைவெளியின் நடுவிலிருந்து விலகி வலுவிழக்கும்.

காசே செலவாகாத காரணங்களும் உண்டு. ட்வின், டீலக்ஸ் இரண்டிலும் 'நார்மல்' சேனலுக்கு ரிவர்பே கிடையாது. கிதாரை 'வைப்ரேட்டோ' சேனலில் செருக வேண்டும். ஃபுட்ஸ்விட்ச் இல்லாமல் ரிவர்ப் வராது என்பார்கள். உண்மையில் இந்த ஆம்புகளில் ஃபுட்ஸ்விட்சின் வேலையே சிக்னலைத் தரையிறக்கி ரிவர்பை நிறுத்துவதுதான். அதன் கேபிள் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் ரிவர்ப் செத்துக் கிடக்கும். கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லையா? ரிவர்பை நேரடிச் சிக்னலோடு கலக்கும் 470 கிலோஓம் ரெசிஸ்டரை 220 கிலோஓம் ஆக்கினால் கொஞ்சம் கூடும். முன்பு யாராவது ஓவர்டிரைவ் ஆசையில் 3.3 மெகாஓம் ரெசிஸ்டரைக் குறைத்திருந்தால், நேரடிச் சத்தம் பெருகி ரிவர்ப் அடங்கியிருக்கும். அதை முதலில் பழையபடி ஆக்குங்கள். இந்த இரண்டு வேலைக்கும் சேஸிஸைத் திறக்க வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தேங்கி நிற்கலாம். அதை இறக்கத் தெரியாதவர்கள் வால்வு, கேபிள், டேங்க் வரை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை வால்வு ஆம்ப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.